ஒன்பது மணிப் பட்டியல்

எங்கள் அலுவலகத்தில் பச்சையண்ணன் என்று ஒருவர் இருந்தார். இருந்தார் என்றதும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார். வேலையைத்தான் விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்பதற்கு அலுவலகத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். பத்து வருடம் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவள் நான். அன்றைக்கு அந்த அறையில் அவரோடு இருந்ததும் நான் ஒருத்திதான். மற்றவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசட்டும், நடந்தது இதுதான்.

எங்கள் நிறுவனத்துக்கு நாற்பத்தொரு குளிர்பதனக் கிடங்குகள். மீன், காய்கறி, மருந்து, எதைக் கொடுத்தாலும் கெடாமல் வைத்திருப்போம். குளிரை உண்டாக்குவது அமோனியா வாயு. குழாய்க்குள் இருக்கும்வரை அது சாது. மொத்தமாக வெளியே வந்தால் நாலு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அதனால் ஒவ்வொரு கிடங்கின் இயந்திர அறையிலும் வாயுவை மோப்பம் பிடிக்கும் கருவி ஒன்று சுவரில் இருக்கும். அது ஒரு கணினியோடு இணைந்திருக்கும். கசிவு வந்தால் கருவி கணினிக்குச் சொல்லும், கணினி சங்கை ஊதும். கருவியே செத்துப் போயிருந்தால் யார் யாருக்குச் சொல்வது? அதைக் கண்டுபிடிப்பதுதான் பச்சையண்ணனின் வேலை.

தினமும் காலை ஒன்பது மணிக்கு அவருடைய ஸ்கிரிப்ட் ஓடும். ஸ்கிரிப்ட் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு கோப்பு. அது இங்கிருந்தபடியே நாற்பத்தொரு கணினிகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய், "உன் கருவியைச் சோதித்துப் பார்த்துச் சொல்" என்று கேட்கும். பதிலைக் கொண்டுவந்து திரையில் பட்டியல் போடும். கருவி நன்றாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. நாற்பத்தொன்றும் பச்சையான பிறகுதான் மனிதர் முதல் வாய் தேநீர் குடிப்பார். பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

அந்த நிறம் வெறும் அழகுக்கு இல்லை. எல்லா இயந்திர அறைக் கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அன்றைய பட்டியலில் பச்சை என்றால் ஒருவர் தனியாக உள்ளே போகலாம், முகமூடி வேண்டாம். சிவப்பு என்றால் இரண்டு பேர், காற்று உருளை மாட்டிய முழு முகமூடியோடு. முகமூடி கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கும்.

அண்ணனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி. குளிரூட்டி போட்ட அறையில் உட்கார்ந்து உட்கார்ந்து வெயில் நாளிலும் கம்பளிச் சட்டையோடு திரிவார். கேபிள் இழுக்கும் ஆளாக உள்ளே வந்தவர். யாரோ குப்பைக்குப் போட்ட தடிப் புத்தகங்களைப் பொறுக்கிப் படித்து, தானாகவே கட்டளைகளைக் கற்றுக்கொண்டார். படித்துப் பட்டம் வாங்கி வந்த நாங்களெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடத்தில் அவர் இரண்டு வரி தட்டிவிட்டு எழுந்து போவார். எனக்கு அது எரிச்சலாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

அவருக்கு இருந்த ஒரே தலைவலி, நாற்பத்தொரு கணினியையும் ஓட்டும் அடிப்படை மென்பொருள் ஒரே வகை இல்லை என்பது. இருபதில் விண்டோஸ். பன்னிரண்டில் லினக்ஸ். மீதி ஒன்பதில் ஏதோ பழங்காலத்து யூனிக்ஸ், அதைச் செய்த நிறுவனமே மூடிவிட்டது. ஒன்றுக்குப் புரிகிற கட்டளை இன்னொன்றுக்குப் புரியாது.

"மூணு மருமகளைக் கட்டி மேய்க்கிற மாமியார் மாதிரிம்மா என் பொழப்பு. ஒருத்திகிட்ட பேசுற பேச்ச இன்னொருத்திகிட்ட பேச முடியாது," என்பார்.

அவருக்கு ஒரு தம்பி. பதினைந்து வயது இளையவன். அப்பா போன பிறகு அண்ணன்தான் சோறு போட்டு, படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தார். இருபத்தேழாம் எண் கிடங்கில் இயந்திரம் பார்க்கும் வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். தினமும் ஒன்பது மணி தாண்டியதும் அவன் தொலைபேசியில் வருவான்.

"அண்ணே, இன்னைக்கு என் தலை தப்புச்சா?"

"பச்சைடா. பொழைச்சுப் போ."

இந்த இரண்டு வரியைப் பத்து வருடமாகக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. வேலைக்குப் போகிற தம்பியை அண்ணன் தினமும் தொட்டுப் பார்த்து அனுப்புகிற மாதிரி இருக்கிறதே என்று உள்ளுக்குள் பொறாமையும் பட்டிருக்கிறேன். எனக்கு அப்படி யாரும் இல்லை.

இனிமேல் சொல்லப்போவதில் என் பங்கும் உண்டு. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்த நாளுக்கு மூன்று வாரம் முன்னால், தணிக்கைக்கு வந்தவர்கள் பட்டியலில் இன்னொன்றும் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு கணினியும் பதில் சொல்ல எத்தனை நொடி எடுக்கிறது என்பதையும் போட வேண்டுமாம். அந்தச் சின்ன வேலையை அண்ணன் என்னிடம் தள்ளிவிட்டார். செய்தேன். மறுநாள் பட்டியலில் எண்கள் வந்தன. ஏழு நொடி, எட்டு நொடி, ஏழு நொடி. மோப்பக் கருவி சூடேறிச் சோதித்துச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகும். ஆனால் அந்த ஒன்பது பழைய யூனிக்ஸ் கணினிகள் மட்டும் அரை நொடிக்குள் பதில் சொல்லியிருந்தன.

"பாத்தீங்களாண்ணே, உங்க கிழவிங்கதான் ஓட்டத்துல முதல்," என்றேன்.

"பழைய உடம்பு. உரம் ஜாஸ்தி," என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். ஏழு நொடி பிடிக்கிற வேலையை அரை நொடியில் எப்படி முடிக்க முடியும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பச்சையைப் பார்த்த கண்ணுக்குப் பக்கத்தில் இருந்த எண் தெரியவில்லை.

அந்த மூன்று வாரத்தில் தம்பியின் பேச்சில் இருமல் சேர்ந்துகொண்டது. லேசாக வாடை வருகிறது என்பான். அண்ணன் பட்டியலைப் பார்ப்பார். பச்சை. சங்கும் ஊதவில்லை. "இயந்திரம் இருக்கிற எடத்துல மல்லிகைப்பூ வாசமாடா வரும்?" என்று கிண்டல் செய்வார். அவனும் சிரித்துக்கொண்டு வைத்துவிடுவான். எனக்கு மட்டும் ஒருநாள் அந்த இருமல் உறுத்தியது. வாய் திறந்து கேட்டிருக்கலாம். எனக்கென்ன வந்தது என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்பது மணிக்குப் பட்டியல் ஓடியது. நாற்பது பச்சை, ஒரு சிவப்பு.

சிவப்பு வந்தது பதினான்காம் எண் கிடங்கில். அங்கே இருந்தது அந்த ஒன்பது பழைய கணினிகளில் ஒன்று. முந்தின நாள் அது அடியோடு படுத்துவிட்டதால், எடுத்துவிட்டுப் புதிதாக லினக்ஸ் போட்ட கணினியை வைத்திருந்தார்கள். பதினோரு வருடம் பச்சையாக இருந்த இடம், கணினியை மாற்றிய மறுநாளே சிவப்பு.

"புதுசு வந்த உடனே வேலையைக் காட்டிருச்சு பாரு," என்று அண்ணன் பல்லைக் கடித்தார். தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். புதிய கணினியில்தான் கோளாறு என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை.

அவர் கோளாறைத் தேட ஆரம்பித்த நேரத்தில் தம்பி கூப்பிட்டான். அண்ணனுக்கு இரண்டு கையும் விசைப்பலகையில் இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார். மணி ஒன்பது இருபது.

"அண்ணே, இன்னைக்கு வாடை கொஞ்சம் தூக்கலா இருக்கு. பெரிய வால்வுகிட்ட கசியுதுன்னு நெனைக்கிறேன். போய் முறுக்கிட்டா நின்னுரும். என் நம்பர் எப்படி?"

அண்ணன் திரையை ஒருமுறை பார்த்தார். நானும் பார்த்தேன். இருபத்தேழு, பச்சை, 0.4 நொடி.

"பச்சைடா. உள்ள போய்ப் பாரு. எனக்கு இங்க ஒண்ணு செவந்து நிக்குது, அப்புறம் பேசுறேன்."

"சரிண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. அரை நிமிடம்கூட இல்லை.

அண்ணன் புதிய கணினியைக் குடைந்து குடைந்து பார்த்தார். கட்டளை சரியாகப் போகிறது. கருவி வரை போகிறது. கருவி பதில் தராமல் கிடக்கிறது. பதினான்காம் எண் ஆளைக் கூப்பிட்டு, கருவியை நேரில் பார்க்கச் சொன்னார். அந்த ஆள் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, "சார், இது துருப்பிடிச்சுக் கொட்டிருச்சு. உள்ள எதுவுமே இல்ல. பல வருஷம் ஆயிருக்கும்," என்றான்.

அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. பல வருடமாகச் செத்துக் கிடந்த கருவிக்கு நேற்றுவரை பச்சை எப்படி வந்தது?

அவர் ஸ்கிரிப்டை விட்டுவிட்டு, வேறொரு கிடங்கின் பழைய யூனிக்ஸ் கணினிக்குள் நேரடியாக நுழைந்தார். ஸ்கிரிப்ட் தினமும் அனுப்புகிற அதே கட்டளையைத் தன் கையால் தட்டினார். அரை நொடியில் பதில் வந்தது. "அப்படி ஒரு கட்டளை இங்கே இல்லை."

அவர் ஸ்கிரிப்டைத் திறந்தார். கீழே, கீழே என்று உருட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். நான் எழுந்து போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். பழைய கணினிகளாக இருந்தால், பதில் என்று ஏதாவது வந்தாலே பச்சை போடு என்று ஒரு வரி இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவரே எழுதிய குறிப்பு: "இப்போதைக்கு. அடுத்த வாரம் சரியான கட்டளை பார்க்க வேண்டும்." தேதி பதினோரு வருடத்துக்கு முந்தையது.

"தம்பி கல்யாண வாரம்," என்றார். "அந்த ஒம்பதும் செவப்பா வந்துகிட்டே இருந்துச்சு. கட்டளை வேறன்னு தெரியும். தேடிப் பாக்க நேரமில்ல. லீவு முடிஞ்சு வந்து பாத்துக்கலாம்னு..."

லீவு முடிந்து வந்தபோது பட்டியல் பச்சையாக இருந்தது. பச்சையாக இருப்பதை யார் போய்த் தோண்டுவார்கள்? பதினோரு வருடமாக அந்த ஒன்பது கணினிகளும் தினமும் காலையில் "எனக்கு இது தெரியாது" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. நாங்கள் அதைப் பச்சையாக வாசித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த நொடி இரண்டு பேருக்கும் ஒரே எண்தான் நினைவுக்கு வந்தது. இருபத்தேழு. அதுவும் அந்தப் பழைய யூனிக்ஸ்களில் ஒன்று. அவர் தொலைபேசியை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் நின்றது. மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

நான் இருபத்தேழின் காவலாளியைத் தொலைபேசியில் பிடித்தேன். தம்பி உள்ளே போய் நேரமாகிறது என்றார். இயந்திர அறைக் கதவுக்குப் போகச் சொன்னேன். போனவர் இருமிக்கொண்டே பேசினார்.

"கிட்டயே போக முடியலைங்க. கண்ணு எரியுது. அவர் போன் வெளிய மேசை மேல இருக்கு."

"முகமூடி தொங்குதா?"

"தொங்குதுங்க. எனக்கு அதை மாட்டத் தெரியாதுங்க."

சரக்கு இறக்கும் ஆட்களில் இரண்டு பேருக்கு அது தெரியும், அவர்கள் கிடங்கின் அந்தக் கோடியில் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து வர ஆள் அனுப்பச் சொன்னேன். ஆம்புலன்ஸுக்கும் சொன்னேன். வாயுவை வெளியே தள்ளும் பெரிய மின்விசிறிக்கு உள்ளே ஒரு சுவிட்ச், இல்லாவிட்டால் கணினி. உள்ளே யாரும் போக முடியாது. இருப்பது கணினி மட்டும்தான்.

அண்ணன் பழைய யூனிக்ஸின் கட்டளைப் பெயர்களைத் தேட ஆரம்பித்தார். பதினோரு வருடத்துக்கு முன்னால் தேடியிருக்க வேண்டியது. ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. ஐந்தே நிமிட வேலை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது, அவர் மேலா என் மேலா என்று தெரியவில்லை.

மின்விசிறியை ஓட்டச் சொல்லும் கட்டளையை அனுப்பினார். திரையில் எந்தப் பதிலும் இல்லை. அந்தப் பழைய யூனிக்ஸின் பழக்கம் அது. வேலை நடந்துவிட்டால் வாயைத் திறக்காது. நடந்ததா நடக்கவில்லையா என்பதை அதன் மௌனத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஓடுதான்னு கேளும்மா. இத நான் நம்ப மாட்டேன்."

காவலாளியைக் கேட்டேன். "சத்தம் ஒண்ணும் இல்லைங்க," என்றார்.

மறுபடியும் அனுப்பினார். மறுபடியும் அதே மௌனம். காவலாளியிடமிருந்து அதே பதில். கட்டளை இங்கிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் இரண்டு நிரல்களைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றும் கட்டளையின் சொற்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிற மேற்கோள் குறிகளை ஒரு சுற்று உரித்துவிட்டுத்தான் அனுப்பும். இரண்டாவது முறை உரிந்தபோது கட்டளையின் கடைசிச் சொல்லும் பிரிந்து விழுந்துவிட்டது. அந்தச் சொல்தான் "ஓட்டு". அங்கே போய்ச் சேர்ந்தது மின்விசிறியின் பெயர் மட்டும். பெயரைச் சொன்னதற்கு அது என்ன செய்யும்? சும்மா இருந்தது.

"அண்ணே, இன்னொரு சுத்து குறி போடுங்க," என்றேன்.

போட்டார். அனுப்பினார். காவலாளி எதுவும் சொல்வதற்கு முன்னால் தொலைபேசி வழியாகவே எங்களுக்கு அந்த இரைச்சல் கேட்டது. மணி பத்து பன்னிரண்டு. கொஞ்ச நேரத்தில் சரக்கு ஆட்கள் இரண்டு பேரும் முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். தம்பி வால்வுக்குப் பக்கத்தில் இல்லை. கதவை நோக்கித் தவழ்ந்து வந்து, நாலு அடி மிச்சம் இருக்கையில் விழுந்து கிடந்தான்.

மருத்துவமனையில் இரண்டு நாள் மூச்சுக் குழாயோடு கிடந்தான். கண் திறக்கவில்லை. வியாழக்கிழமை மதியம் போய்விட்டான்.

மேலாளர் மறுநாளே அண்ணனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார். கருவிகளை விற்ற நிறுவனத்தின் மேல் பழி விழும்படி அறிக்கை ஏற்கெனவே தயாராக இருந்தது.

"பட்டியல்ல பச்சை இருந்துச்சு, நீங்க பட்டியலைப் பாத்தீங்க. அதுக்கு மேல யாரும் எதுவும் கேக்கப் போறதில்ல. அந்த ஒரு வரியைப் பத்தி வெளிய பேச வேண்டாம். உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது," என்றார்.

அண்ணன் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டு ஆட்டினாரா, காதில் விழாமலே ஆட்டினாரா, தெரியாது.

தம்பி வீட்டுக்கு அவரோடு நானும் போனேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நானும் அதையேதான் சொன்னேன். மேலாளரைத் திட்டிவிட்டு அவர் சொன்னதையே சொன்னேன்.

"அண்ணே, அவன் உங்களக் கூப்பிட்டது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். என் வாய்லேருந்து வராது. நீங்களும் எதுவும் சொல்ல வேண்டாம். அந்தப் பொண்ணுக்கு இனிமே நீங்கதான் இருக்கீங்க. உங்களையும் வெறுத்துட்டா அவ எங்க போவா?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தக் கம்பளிச் சட்டையை அன்றைக்கும் போட்டிருந்தார். வெளியே நல்ல வெயில்.

இரண்டு அறை வீடு. இரவல் வாங்கிப் போட்ட நாற்காலிகளில் அக்கம்பக்கத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். தம்பியின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். அவள் மடியில் தலை வைத்துப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் தரையில் உட்கார்ந்தார். அவள்தான் முதலில் பேசினாள்.

"மாமா, அன்னைக்குக் காலையில அவர் உங்களுக்குப் போன் பண்ணாரா?"

நான் அண்ணனின் கையைப் பிடித்து அழுத்தினேன். இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அவர் என் கையை மெதுவாக விலக்கினார்.

"பண்ணான்ம்மா."

"என்ன சொன்னீங்க?"

"பச்சைன்னு சொன்னேன். உள்ள போய்ப் பாருன்னு சொன்னேன். அது பச்சை இல்லம்மா. நான் எழுதுன ஒரு வரியால பச்சையா தெரிஞ்சுது. தப்பு என்னோடது."

கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும். அவள் குழந்தையின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"தெரியும் மாமா. உள்ள போறதுக்கு முன்னாடி என்கிட்டயும் பேசுனாரு. வாடை அதிகமா இருக்குன்னா அந்த முகமூடிய மாட்டிக்கிட்டுப் போங்கன்னு சொன்னேன். 'எதுக்குடி, அண்ணன் பாத்துட்டாரு'ன்னாரு."